கல்லூரிக் கோப்பை கைக்கு வராத பயிற்சியாளர்: ஜில் எல்லிஸின் பாதை

யூ.சி.எல்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மகளிர் கால்பந்து அணிக்கு 1999 முதல் 2010 வரை 12 சீசன்கள் ஜில் எல்லிஸ் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 229 வெற்றி, 45 தோல்வி, 14 சமன். தேசியக் கல்லூரி சாம்பியன்ஷிப்பில் எட்டு முறை கடைசி நான்கு அணிகளுக்குள் அவருடைய அணி வந்தது. அதில் ஏழு முறை, 2003 தொடங்கி 2009 வரை, ஒரு வருடம்கூட விடாமல். எட்டு முறையும் கோப்பையை வேறு அணிதான் எடுத்துக்கொண்டு போனது.

அதே எல்லிஸ் பிறகு 2015-லும் 2019-லும் அமெரிக்காவுக்கு மகளிர் உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஆண்கள் கால்பந்தையும் சேர்த்துக் கணக்கு பார்த்தால்கூட, இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற பயிற்சியாளர்கள் இருவர்தான். 1934, 1938 ஆண்டுகளில் இத்தாலி அணியை நடத்திய விட்டோரியோ போஸோ ஒருவர். இன்னொருவர் எல்லிஸ்.

கல்லூரியில் தோற்றவர் பிறகு பெரிய மேடையில் ஜெயித்தார் என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த 12 வருடக் கல்லூரி வேலையில் அவர் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இரண்டு உலகக் கோப்பைகளும் வந்தன என்பது என் கருத்து. அதை விளக்க, அவர் எங்கிருந்து கிளம்பினார் என்பதிலிருந்தே பார்க்க வேண்டும்.

விளையாட இடமில்லாத ஊர்

எல்லிஸ் 1966-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தார். அப்போது அந்த நாட்டின் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் விளையாடத் தடை போட்டிருந்தது. 1921-இல் போட்ட தடை அது. 50 வருடம் கழித்துத்தான் நீங்கியது. தடை போன பிறகும் பள்ளிக்கூடங்களில் பெண்களுக்கு அணி கிடையாது. அப்பா ஜான் எல்லிஸ் கால்பந்துப் பயிற்சியாளர், முன்னாள் கடற்படைக் கமாண்டோ. வீடு முழுக்கக் கால்பந்து. பெண்ணுக்கோ அண்ணனோடும் தெருப் பையன்களோடும் உதைத்து விளையாடுவதோடு சரி.

1981-இல் குடும்பம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. எல்லிஸுக்கு வயது 15. வாழ்க்கையில் முதல் முறையாக ஒழுங்கான ஓர் அணியில் சேர்ந்தது அங்கேதான். அவர் படித்த ராபின்சன் பள்ளி மாநில சாம்பியன் ஆனது. 1984-இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் சேர்ந்து ஃபார்வர்டாக நான்கு வருடம் ஆடினார். 1987-இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைகள் பட்டியலின் மூன்றாம் வரிசையில் அவர் பெயரும் இருந்தது.

இங்கே சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1972-இல் வந்த டைட்டில் நைன் என்ற சட்டம், அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனாலும் கல்லூரிகள் பெண்களுக்கு அணிகள் தொடங்கியதற்கு அதுதான் காரணம். ஆண்களின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றுக்கே ஏகப்பட்ட உதவித்தொகை போய்விடும். அதை ஈடுகட்டப் பெண்கள் பக்கம் பெரிய அணி ஒன்று தேவைப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், செலவும் குறைவு என்று கால்பந்து அதற்குப் பொருந்தி வந்தது. என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு 1982-இல் முதல் மகளிர் கால்பந்து சாம்பியன்ஷிப்பை நடத்தியது. எல்லிஸ் கல்லூரிக்குள் நுழைந்தபோது அந்தப் போட்டிக்கு வயது இரண்டு.

படிப்பு முடிந்ததும் பாதையும் முடிந்தது. பெண்களுக்குத் தொழில்முறை லீக் என்று ஒன்று அமெரிக்காவில் 2001-இல்தான் வந்தது. முதல் மகளிர் உலகக் கோப்பையே 1991-இல்தான் நடந்தது. நன்றாக கோல் அடிக்கத் தெரிந்த 21 வயதுப் பெண் 1988-இல் என்ன செய்ய முடியும்? பக்கத்து மாநிலமான நார்த் கரோலினாவின் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அந்த வருடமே அந்த அணி தேசிய இறுதிப் போட்டி வரை போய், நார்த் கரோலினா பல்கலைக்கழகத்திடம் 1-4 என்று தோற்றது. சில சீசன்களுக்குப் பிறகு, வயிற்றுப்பாட்டுக்கு வழி வேண்டும் என்பதால் நார்தர்ன் டெலிகாம் என்ற தொலைபேசிச் சாதன நிறுவனத்தில் தொழில்நுட்ப எழுத்தாளராக வேலைக்குப் போனார்.

6,000 டாலர் வேலை

மேரிலாண்ட் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக அப்போது இருந்தவர் ஏப்ரல் ஹைன்ரிக்ஸ். 1991-இல் முதல் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணியின் கேப்டன். அவர் எல்லிஸை உதவியாளராகக் கூப்பிட்டார். சம்பளம் ஆண்டுக்கு 6,000 டாலர். மாதச் சம்பளமும் காப்பீடும் தரும் நிறுவன வேலையை விட்டுவிட்டு 1994-இல் எல்லிஸ் அங்கே போனார்.

கல்லூரிப் பயிற்சியாளர் வேலை என்பது நம் ஊர்க் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் பார்க்கும் வேலையைப் போன்றதல்ல. இங்கே ஒரே ஆசிரியர் கபடி, கோகோ, தடகளம் எல்லாவற்றையும் கவனிப்பார். அங்கே ஒரு விளையாட்டுக்கு ஒரு தலைமைப் பயிற்சியாளர், அவருக்குக் கீழே இரண்டு மூன்று உதவியாளர்கள், கோல்கீப்பருக்குத் தனி ஆள். ஏணியின் அடிப்படியில் முதுகலை படித்துக்கொண்டே வேலை செய்பவர்களும், சம்பளமே இல்லாத தன்னார்வப் பயிற்சியாளர்களும் நிற்பார்கள். தன்னார்வப் பதவியை என்.சி.ஏ.ஏ. 2023-இல்தான் நீக்கியது. அடிப்படியில் நிற்பவர் பந்தைத் தொடும் நேரம் குறைவு. எதிரணியின் வீடியோவை வெட்டித் தொகுப்பது, பேருந்து ஏற்பாடு, மாணவிகளின் மதிப்பெண் குறைந்தால் கவனிப்பது, கோடை முகாம்களில் பத்து வயதுக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்துக் கையில் நாலு காசு பார்ப்பது என்று நாள் ஓடிவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது ஆள் சேர்ப்பு. பதினாறு பதினேழு வயதுப் பெண்கள் ஆடும் கிளப் போட்டிகளுக்குப் போய், மைதான ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு நாள் முழுக்க உட்கார வேண்டும். எல்லிஸின் காலத்தில் முதல்நிலைக் கல்லூரி ஒன்று மகளிர் கால்பந்துக்குக் கொடுக்கக்கூடிய முழு உதவித்தொகை 14-ஐத் தாண்டாது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து இருபத்தைந்து பேருக்குப் பங்கிடுவார்கள். எந்தப் பெண்ணுக்கு முழுசு, யாருக்குப் பாதி, யாருக்குப் புத்தகச் செலவு மட்டும் என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்து, அந்தப் பெண்ணின் அப்பா அம்மா எதிரே உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

1996-இல் ஹைன்ரிக்ஸ் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது எல்லிஸும் கூடவே போனார். ஹைன்ரிக்ஸ் யாரிடம் கற்றவர் என்று பார்த்தால் ஆன்சன் டோரன்ஸிடம் போய் நிற்போம். நார்த் கரோலினா பல்கலைக்கழக அணியை 1979-இல் தொடங்கி, 21 என்.சி.ஏ.ஏ. பட்டங்கள் வென்று, 2024-இல் ஓய்வு பெற்றவர். ஹைன்ரிக்ஸ் அவருடைய மாணவி. அந்தக் காலத்தில் வேலை விளம்பரம் பார்த்து யாரும் பயிற்சியாளர் ஆனதாகத் தெரியவில்லை. ஒருவர் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்த இன்னொருவர்தான் தொலைபேசியை எடுத்துக் கூப்பிட்டார்.

யாரும் பேசாத இரண்டு வருடம்

எல்லிஸைப் பற்றி எழுதுபவர்கள் இல்லினாய் பல்கலைக்கழகத்தை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அங்கே கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது.

1997-இல் இல்லினாய் முதல் முறையாக மகளிர் கால்பந்து அணி தொடங்கியது. அதன் முதல் தலைமைப் பயிற்சியாளர் எல்லிஸ், 30 வயது. பழைய மாணவிகள் இல்லை. நன்கொடை தர ஆள் இல்லை. அணிக்குள் மூத்தவர் இளையவர் பேதமே இல்லை, எல்லோரும் புதுசு. வரலாறே இல்லாத அணிக்கு நல்ல வீராங்கனை ஏன் வர வேண்டும்? வா, நீதான் முதல் வரலாறு என்று சொல்லி ஒவ்வொருத்தியாக இழுக்க வேண்டும். இரண்டு சீசன்களில் வெற்றியும் தோல்வியும் ஏறக்குறைய சரிபாதி. ஆனாலும் இரண்டாம் வருடமே, பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் சீசன் இறுதிப் போட்டித் தொடருக்கு அணி தகுதி பெற்றது.

அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் யூ.சி.எல்.ஏ. அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். வெற்றி விகிதத்தை மட்டும் பார்த்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். சரிபாதி தோற்ற ஒருவரை நம்பிய அந்த நிர்வாகத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

ஏழு டிசம்பர்கள்

யூ.சி.எல்.ஏ. அணி 1993-இல் தொடங்கியது. அதன் முதல் பயிற்சியாளர், தேசிய அணியில் ஆடிக்கொண்டே கல்லூரிக்கும் பயிற்சி கொடுத்த ஜாய் ஃபாசெட். 1999-இல் எல்லிஸ் வந்தார். அடுத்த வருடமே தேசிய இறுதிப் போட்டி. நார்த் கரோலினாவிடம் 1-2 என்று தோல்வி. அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது எல்லிஸுக்குக் கிடைத்தது.

2004 இறுதியில் நோட்ர டாம் அணியோடு 1-1, பெனால்டியில் தோல்வி. 2005 இறுதியில் போர்ட்லாந்திடம் 0-4. கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர் அன்று போர்ட்லாந்துக்கு ஆடினார். 2007 அரையிறுதியில் அதே ஊர்க்காரப் போட்டியாளரான தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திடம் தோல்வி. அந்த அணிதான் பட்டமும் வென்றது. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கசப்பானதாகத் தோன்றுகிறது, தினமும் அதே நகரத்தில் நடமாட வேண்டுமே. 2009 அரையிறுதியில் ஸ்டான்ஃபோர்டிடம் கூடுதல் நேரத்தில் 1-2.

கல்லூரி சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பர் முதல் வாரத்தில் முடியும். முடிந்ததும் நான்காம் ஆண்டு மாணவிகள் போய்விடுவார்கள். கிளப் பயிற்சியாளர் என்றால் நல்ல டிஃபெண்டரை ஒப்பந்தம் போட்டு எட்டு வருடம் வைத்துக்கொள்ளலாம். கல்லூரியில் அப்படி முடியாது. இந்த வருடம் அரையிறுதி ஆடிய அணியில் நான்கில் ஒரு பங்கு அடுத்த ஆகஸ்டில் இருக்காது. அந்த இடத்துக்கு இரண்டு மாதம் முன்புவரை பள்ளியில் படித்த பெண் வருவாள். வீட்டை விட்டு முதல் முறையாக வெளியே தங்கியிருப்பாள். அவளை நம்பி நவம்பரில் நாக்-அவுட் போட்டியில் இறக்க வேண்டும்.

2003-இல் அரையிறுதி ஆடிய அணியும் 2009-இல் ஆடிய அணியும் ஆள் வாரியாகப் பார்த்தால் வெவ்வேறு அணிகள். இரண்டுக்கும் பொதுவாக இருந்தவர் எல்லிஸ். ஏழு வருடம் அணியைப் பிரித்துக் கட்டி, ஏழு முறையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தார். ஒற்றைப் போட்டியில் பந்து கம்பத்தில் பட்டு எந்தப் பக்கமும் போகலாம். ஒரு முறை கோப்பை வாங்கிவிட்டு ஆறு வருடம் காணாமல் போன பயிற்சியாளரைவிட இவரைத்தான் நான் பெரியவராக மதிப்பேன்.

இதே காலத்தில் அமெரிக்கக் கால்பந்துச் சங்கத்தின் இளையோர் அணிகளோடும் அவர் வேலை செய்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் பயிற்சியாளர் பியா சுன்ட்ஹாகேவின் உதவியாளராக இருந்து தங்கத்தில் பங்கு பெற்றார். 2010-இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் அமெரிக்க அணியின் தலைமைப் பயிற்சியாளர். காலிறுதியில் நைஜீரியாவிடம் பெனால்டியில் தோல்வி. 2011 ஜனவரியில் யூ.சி.எல்.ஏ.வை விட்டு, அதே சங்கத்தில் இளம் வீராங்கனைகளை வளர்க்கும் இயக்குநர் பதவிக்குப் போனார். அணியே இல்லாத பயிற்சியாளர் வேலை அது. தலைமைப் பதவியில் இருந்து இறங்கியதாகச் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். நாட்டின் 14 வயதுப் பெண்கள் முதல் எல்லோரையும் பார்க்கக் கிடைத்த இடம் அது.

கல்லூரிப் பழக்கம் உலகக் கோப்பையில்

2012-இல் சுன்ட்ஹாகே விலகியபோது எல்லிஸ் சில போட்டிகளுக்கு இடைக்காலப் பயிற்சியாளர். 2014 ஏப்ரலில் அடுத்த பயிற்சியாளர் டாம் செர்மானி நீக்கப்பட்டபோது மறுபடியும் இடைக்காலம். மே மாதம் பதவி நிரந்தரமானது.

2015 கனடா உலகக் கோப்பையின் முதல் சுற்றில் அமெரிக்கா தடுமாறியது. ஸ்வீடனோடு 0-0. நைஜீரியாவை 1-0 என்று ஒட்டி வென்றது. பயிற்சியாளருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முன்னாள் வீராங்கனைகளே குறை சொன்னார்கள். காலிறுதியில் சீனாவை எதிர்கொள்ளும்போது லாரன் ஹாலிடே, மேகன் ரபினோ இருவருக்கும் மஞ்சள் அட்டைகளால் ஆடத் தடை. அப்போது நடுக்களத்தின் ஆழத்தில் எல்லிஸ் நிறுத்தியது மார்கன் பிரையனை. அணியிலேயே இளையவர், ஆறேழு மாதம் முன்புவரை வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவர். பின்னால் பிரையன் காவல் காத்ததால் கார்லி லாய்டுக்கு முன்னே ஓட விடுதலை கிடைத்தது. சீனாவுக்கு எதிராக லாய்ட் கோல் அடித்தார். ஜெர்மனிக்கு எதிராகவும் அடித்தார். ஜூலை 5 அன்று வான்கூவரில் ஜப்பானுக்கு எதிரான இறுதியில், முதல் 16 நிமிடத்துக்குள் மூன்று கோல்.

கல்லூரி முடித்த கையோடு வந்த பெண்ணை உலகக் கோப்பைக் காலிறுதியில் நம்புவது வெளியிலிருந்து பார்த்தால் சூதாட்டம். ஒவ்வொரு நவம்பரிலும் 18 வயதுப் பெண்களை நாக்-அவுட்டில் இறக்கி 12 வருடம் பழகியவருக்கு அது வழக்கமான வேலை.

அந்த இறுதியில் 5-2 என்று அமெரிக்கா வென்றது. லாய்டின் கோல்களுக்கு நடுவே 14-ஆவது நிமிடத்தில் ஒரு கோலை அடித்தவர் ஹாலிடே. திருமணத்துக்கு முன் அவர் பெயர் லாரன் செய்னி. 2006 முதல் 2009 வரை யூ.சி.எல்.ஏ.வில் எல்லிஸிடம் ஆடியவர், அந்த நான்கு அரையிறுதித் தோல்விகளிலும் அந்த அணியில் இருந்தவர்.

அடுத்த வருடமே அடி. ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் ஸ்வீடனிடம் பெனால்டியில் தோல்வி. ஸ்வீடனின் பயிற்சியாளர் யார்? பெய்ஜிங்கில் எல்லிஸ் உதவியாளராக இருந்த அதே சுன்ட்ஹாகே. அதன் பிறகு எல்லிஸ் அணியைப் பிரித்துப்போட்டார். புதிய பெண்களை வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்தார், பின்வரிசையில் மூன்று பேரை நிறுத்தி ஆடிப் பார்த்தார். 2017 தொடக்கத்தில் சொந்த மண்ணில் இங்கிலாந்திடம் 0-1, பிரான்ஸிடம் 0-3. மூத்த வீராங்கனைகள் சிலர் அமெரிக்கச் சங்கத் தலைவரிடமே அதிருப்தியைச் சொன்னதாகச் செய்திகள் வந்தன. சங்கம் எல்லிஸை மாற்றவில்லை.

இதைப் பதற்றமான பரிசோதனை என்று அப்போது எழுதினார்கள். எனக்கு அது கல்லூரி நாட்காட்டியாகவே தெரிகிறது. வென்ற அணி பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டது, அடுத்த வகுப்பைத் தேடு. அந்தத் தேடலில்தான் நடுக்கள ஆட்டக்காரர் ரோஸ் லவெல் வந்தார். கல்லூரியில் கோல் அடித்துப் பேர் வாங்கிய கிறிஸ்டல் டன் இடது பின்வரிசைக்கு மாறி, 2019-இல் பிரான்ஸ், இங்கிலாந்து அணிகளின் வேகமான ஆட்டக்காரர்களைக் கட்டிப்போட்டார்.

தேசிய அணியோடு எல்லிஸின் கணக்கு 132 போட்டிகள், 106 வெற்றி, 19 சமன், 7 தோல்வி. 2019-இல் விலகினார். பிறகு சான் டியேகோ வேவ் கிளப்பின் முதல் தலைவர், 2024 இறுதியில் ஃபிஃபாவின் தலைமைக் கால்பந்து அதிகாரி.

ஏணி இன்று

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். 1972-இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பெண்களே பயிற்சி கொடுத்தார்கள். டைட்டில் நைன் வந்து பணமும் மதிப்பும் சேர்ந்ததும் ஆண்களும் அந்த வேலைகளுக்கு வந்தார்கள். இன்று பாதிக்கும் கீழே. 2019 உலகக் கோப்பைக்கு வந்த 24 அணிகளில் பெண் தலைமைப் பயிற்சியாளர்கள் 9 பேர். எல்லிஸ் விலகிய பிறகு, உயர்நிலைப் பயிற்சியாளர் உரிமம் பெற விரும்பும் பெண்களுக்காக அவர் பெயரில் அமெரிக்கச் சங்கம் ஓர் உதவித்தொகையைத் தொடங்கியது. அந்தப் படிப்புகளுக்கு ஆகும் செலவை நினைத்தால், 6,000 டாலர் சம்பளத்தில் இருந்த பழைய எல்லிஸால் கட்டியிருக்க முடியாது.

கல்லூரிக் களமும் மாறிவிட்டது. 2021 முதல் மாணவிகள் ஒரு வருடம் உட்காராமலேயே வேறு கல்லூரிக்கு மாறி ஆடலாம். 2025 முதல் உதவித்தொகை எண்ணிக்கைக்குப் பதில் அணிக்கு 28 பேர் என்ற உச்சவரம்பு. நான்கு வருடம் ஒரு பெண்ணை வளர்க்கலாம் என்று நம்பி இன்று யாரும் திட்டம் போட முடியாது. ஆனாலும் வழி அடைபடவில்லை. நியூயார்க் மாநிலத்தில் அயோனா என்ற சிறிய கல்லூரியில் சில சீசன்கள் பயிற்சியாளராக இருந்த எம்மா ஹேஸ், எல்லிஸைப் போலவே இங்கிலாந்தில் பிறந்தவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

யூ.சி.எல்.ஏ. தன் முதல் கோப்பையை 2013-இல், அமாண்டா குரோம்வெல்லின் காலத்தில் வென்றது. அந்த அணியில் அபி டால்கெம்பர், சமந்தா மூயிஸ் இருவரும் இருந்தார்கள். 2019 ஜூலை 7 அன்று லியோனில், நெதர்லாந்தை 2-0 என்று வென்ற உலகக் கோப்பை இறுதியின் முதல் பதினொருவரிலும் அந்த இருவர் உண்டு. அன்று எதிரணியின் பயிற்சியாளர் சரினா வீக்மன். அவர் 1989-இல் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் டோரன்ஸிடம் ஒரு சீசன் ஆடியவர். அதே 1989-இல், அதே மாநிலத்தின் அடுத்த ஊரில், நார்த் கரோலினா ஸ்டேட் அணியின் உதவிப் பயிற்சியாளராக இருந்தார் ஜில் எல்லிஸ்.